புரதப் படிகத்திலிருந்து அணு வரைபடம் வரை: தென்னாப்பிரிக்காவில் ஆய்வு தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனிலும் ஜோஹனஸ்பர்கிலும் கேப்டவுனிலும் முதுகலை ஆய்வில் சேரும் தமிழ் மாணவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சிலர் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து, வார இறுதி வகுப்பில் தமிழ் படித்தவர்கள். சிலர் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேரே வந்து இறங்கியவர்கள். இரண்டு பேருக்கும் சிக்கல் ஒன்றுதான். பாடநூல்கள் சூத்திரத்தில் ஆரம்பித்துச் சூத்திரத்தில் முடிகின்றன. மேசை முன்னால் நிற்கும்போது கை என்ன செய்ய வேண்டும், கண் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் கதிர்ப் படிகவியல் நமக்கு அணுக்களைக் காட்டுவதில்லை. அது காட்டுவது எலெக்ட்ரான் அடர்த்தியை. அந்த அடர்த்திக்குள் அணுக்களைக் கொண்டுபோய் வைப்பது நாம். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: இது தரவு சொன்னதா, நான் வைத்ததா? கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதற்கான ஏற்பாடுகள்தான்.

உதாரணத்துக்கு இரண்டு புரதங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கைப்பழக்கத்துக்கு ஏற்ற கோழிமுட்டை லைசோசைம். மற்றது எச்ஐவி புரோட்டியேஸ், அதாவது வைரஸின் புரதங்களை வெட்டித் தரும் நொதி, எச்ஐவி மருந்துகள் சிலவற்றின் இலக்கு. தென்னாப்பிரிக்காவில் பரவியிருப்பது பெரும்பாலும் எச்ஐவி-1இன் சி வகை. மருந்து உருவாக்கத்தில் தொடக்க காலத்தில் அதிகம் ஆராயப்பட்டதோ பி வகை. சி வகைப் புரோட்டியேஸைப் படிகமாக்கி அதன் அமைப்பைக் கண்டறிந்த வேலை ஜோஹனஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கிறது. நம் ஊர் நோய்க்கு நம் ஊரிலேயே அமைப்பு காண்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏன் எக்ஸ் கதிர், ஏன் படிகம்

இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவில் உள்ள தூரம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்). கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் இதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. எக்ஸ் கதிரின் அலைநீளமோ ஏறக்குறைய இதே அளவு. ஆனால் ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் மிகமிகச் சன்னமானது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையில் ஒரே ஒழுங்கில் அடுக்கி நின்றால், சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுத்துப் புள்ளிகளாக விழும். அதற்குத்தான் படிகம். அந்தக் கோணங்களைக் கணக்கிடும் விதியை 1913-ல் பிராக் தந்தையும் மகனும் கொடுத்தார்கள்.

இப்போது அமினோ அமில வரிசையிலிருந்தே புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரல் இருக்கிறது, கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது, இன்னும் படிகம் எதற்கு என்று கேட்பார்கள். எச்ஐவி புரோட்டியேஸ் 99 அமினோ அமிலம் கொண்ட இரண்டு சங்கிலிகள், மொத்தம் சுமார் 22 கிலோடால்டன். கிரையோ நுண்ணோக்கிக்கு இது ரொம்பச் சின்னது. ஆல்ஃபாஃபோல்டு சங்கிலியின் மடிப்பை அருமையாகச் சொல்லும்; உங்கள் நோயாளியிடம் வந்த மாற்றத்தால் மருந்து எந்தப் பக்கம் அரை ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தது என்பதை நம்பும்படி சொல்லாது. அந்த அரை ஆங்ஸ்ட்ராமுக்காகத்தான் படிகம்.

படி 1: புரதத்தைத் தயாரித்தல்

மரபணுவை பிஇடி வகை பிளாஸ்மிடில் வைத்து ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவது வழக்கம். ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின் வால் வைத்தால், புரதத்தைப் பிரிக்கும் நிக்கல் குழாயில் (column) பிடித்துக்கொள்ளும். இமிடசோல் விட்டால் கழன்று வரும். மரபணுவைத் தூண்டிவிடும் ஐபிடிஜி சேர்த்த பிறகு 18 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்தால், 37 டிகிரியில் கட்டிதட்டிப் போகும் புரதங்கள் பல கரைந்த நிலையில் கிடைக்கும்.

வரிசையைத் திட்டமிடும்போதே படிகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் நீண்ட முனைகள் அடுக்குவதைக் கெடுக்கும். ஆல்ஃபாஃபோல்டு மாதிரியில் நம்பகத்தன்மை குறைவாகக் காட்டும் முனைகளை வெட்டி இரண்டு மூன்று கட்டமைப்புகளை இணையாகச் செய்வது, ஒன்றையே கட்டிக்கொண்டு அழுவதைவிட நல்லது.

எச்ஐவி புரோட்டியேஸ் பெரும்பாலும் செல்லுக்குள் கரையாத உருண்டைகளாகவே சேரும். அதை யூரியாவில் கரைத்து, மெல்ல மெல்ல யூரியாவை நீக்கி மறுபடி மடிய வைக்க வேண்டும். அப்புறம் இன்னொரு தொல்லை: இது புரதத்தை வெட்டும் புரதம், தன்னையே வெட்டிக்கொள்ளும். ஏழாம் இடத்து குளூட்டமீனை லைசீனாக மாற்றினால் இது வெகுவாகக் குறையும். உங்கள் புரதத்துக்கும் இப்படி ஒரு சொந்தக் குணம் இருக்கும். பழைய கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால்தான் அது பிடிபடும்.

படி 2: தூய்மை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெல்லில் ஒரே பட்டை, 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை. அளவு அடிப்படையில் பிரிக்கும் குழாயில் ஒரே சமச்சீரான முகடு. டைனமிக் ஒளிச்சிதறல் கருவி இருந்தால் ஒரே அளவுத் துகள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் 5 முதல் 15 மில்லிகிராம்/மில்லிலிட்டர் வரை செறிவாக்குங்கள். ஜெல் சுத்தமாக இருந்தும் அந்தக் குழாயிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்பே புரதம் வெளியேறினால் அது திரண்டுபோன புரதம். அதில் படிகம் எதிர்பார்த்து மாதங்களை வீணாக்க வேண்டாம், பஃபரை மாற்றுங்கள். உப்பின் அளவு, பிஎச், கொஞ்சம் கிளிசரால் ஆகியவற்றை மாற்றிப் பார்த்தாலே நிலைமை தலைகீழாகலாம்.

படி 3: படிகம் வளர்த்தல்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

கற்கண்டு செய்வதை யோசித்துப் பாருங்கள். பாகில் சர்க்கரை கரையக்கூடிய அளவுக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் அவசரமாக ஆற வைத்தால் பொடியாக உதிரும். மெல்ல விட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு பெரிய கட்டிகள் வளரும். புரதத்திலும் இதே தத்துவம்தான். கரைசல் மீச்செறிவு நிலைக்குப் போக வேண்டும், ஆனால் மெதுவாக. முதல் கரு தோன்றுவதற்கு அதிகச் செறிவு தேவை. தோன்றிய கரு வளர்வதற்கு அதைவிடக் குறைந்த செறிவு போதும்.

அதற்கான எளிய வழி ஆவி வழிச் சமநிலை. முதல் நாள் லைசோசைமில் கை பழகுங்கள். லைசோசைமை 50 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட், பிஎச் 4.5-ல், மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில் கரைத்துக்கொள்ளுங்கள். 24 குழித் தட்டின் குழிகளில் அதே பஃபரில் 4 முதல் 10 சதவீதம் வரை படிப்படியாகக் கூடும் சாப்பாட்டு உப்புக் கரைசலை அரை மில்லிலிட்டர் ஊற்றுங்கள். குழியின் விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். சிலிக்கான் பூசிய கண்ணாடி வில்லையில் இரண்டு மைக்ரோலிட்டர் புரதம், அதன் மேலேயே குழியிலிருந்து எடுத்த இரண்டு மைக்ரோலிட்டர் கரைசல். குமிழி வராமல் விடுங்கள், கலக்காதீர்கள். வில்லையைத் தலைகீழாகத் திருப்பிக் குழியின் மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். கிரீஸ் வளையம் எங்கும் அறுபடாமல் ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள்.

துளியில் உப்பு இப்போது குழியில் உள்ளதில் பாதி. அதனால் துளியிலிருந்து நீர் ஆவியாகிக் குழிக்குப் போய்க்கொண்டே இருக்கும். துளி சுருங்கச் சுருங்கப் புரதமும் உப்பும் சேர்ந்தே செறிவாகும். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், குறைந்த உப்பில் துளி தெளிவாக இருக்கும். நடுவில் எங்கோ பெரிய, கூர்மையான முகங்களோடு நாலைந்து படிகங்கள். அதிக உப்பில் நூற்றுக்கணக்கான குட்டிப் படிகங்கள் பனித்தூள் மாதிரி சிதறிக் கிடக்கும். ஒரே தட்டில் மூன்று நிலையையும் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் படிகமாதல் வரைபடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் சொந்தப் புரதத்துக்கு இப்படி ஒரு செய்முறை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். 96 நிலைமைகள் கொண்ட வணிகத் தட்டுகளில், பாலிஎதிலீன் கிளைக்கால், அமோனியம் சல்ஃபேட் போன்ற வீழ்படிவாக்கிகளைப் பலவகை பிஎச்சில் சோதிக்க வேண்டும். தட்டைப் போட்ட மறுநாளே செறிவு சரியா என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய பாதித் துளிகளில் வீழ்படிவும் பாதியில் தெளிவும் இருந்தால் சரியான செறிவு. எல்லாமே தெளிவு என்றால் கூட்டுங்கள். எல்லாமே பழுப்புக் கசடு என்றால் குறையுங்கள்.

துளிகளைப் பார்த்த நாளையும் பார்த்ததையும் எழுதி வையுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று பார்ப்பது போதும். தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தால் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும்.

வெப்பநிலை என்றதும் இந்த நாட்டுக்கே உரிய ஒரு விஷயம். 2022, 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது படிக அறையின் குளிர்சாதனம் ஒரு நாளில் பலமுறை நின்று நின்று ஓடியது. 20 டிகிரி 26 ஆகி மறுபடி 20 ஆனால், இருந்த கரு கரையும், அல்லது வேண்டாத இடத்தில் நூறு கரு தோன்றும். தட்டுகளைத் தடித்த தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பநிலைப் பதிவுக்கருவி போடுங்கள். மின்வெட்டு குறைந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். படிகம் வந்தது, ஆனால் திரும்ப வரவில்லை என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் காரணம் வெப்பநிலைதான்.

"அக்கா, படிகம் வந்துருச்சு!" என்று ஓடி வரும் மாணவரிடம் நான் முதலில் கேட்பது, "உப்பா, புரதமா?" பாஸ்பேட்டும் கால்சியமும் ஒரே துளியில் இருந்தால் அழகான உப்புப் படிகம் வரும். மெல்லிய ஊசியால் தொட்டுப் பாருங்கள். புரதப் படிகத்தில் பாதிக்குப் பாதி நீர் என்பதால் அது மெத்தென்று நொறுங்கும். உப்பு கடினமாக நின்று சட்டென்று உடையும். மெத்திலீன் நீலம் விட்டால் புரதப் படிகம் சாயத்தை உள்ளே இழுத்து நீலமாகும், உப்பு ஏற்காது. ஒரே ஒரு படிகம்தான் இருக்கிறது என்றால் ஊசியை எடுக்காதீர்கள். அதை நேரே எக்ஸ் கதிரில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஊசிக் கொத்தாகவோ மெல்லிய தகடாகவோ இருக்கும். அந்த நிலைமையைச் சுற்றி பிஎச்சைக் குறுக்கேயும் வீழ்படிவாக்கியை நெடுக்கேயும் சிறு சிறு படிகளாக மாற்றித் தட்டுப் போடுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் விதையிடுதல். கெட்ட படிகங்களை நொறுக்கி, நீர்த்து, அந்தத் தூளை வேறு நிலைமைகளில் சேர்ப்பது. கரு தோன்றும் கஷ்டமான கட்டத்தைத் தாண்டிவிட்டதால் வளர்ச்சி மட்டும் அமைதியாக நடக்கும். இதை முதல் தட்டிலேயே செய்யலாம் என்பது என் கருத்து. பலர் கடைசி முயற்சியாக வைத்திருக்கிறார்கள்.

படி 4: உறைய வைத்தல், அனுப்புதல்

எக்ஸ் கதிர் படிகத்தை எரித்துவிடும். 100 கெல்வின் வெப்பநிலையில் வைத்தால் சேதம் பல மடங்கு மெதுவாக நடக்கும். ஆனால் படிகத்துக்குள்ளும் சுற்றிலும் உள்ள நீர் பனிக்கட்டியாகிவிடக் கூடாது. கண்ணாடி மாதிரி உறைய வேண்டும். அதற்கு 20 முதல் 25 சதவீதம் கிளிசராலோ எதிலீன் கிளைக்காலோ சேர்த்த தாய்க்கரைசலில் (படிகம் வளர்ந்த அதே கரைசல்) படிகத்தைச் சில விநாடிகள் வைத்து, நைலான் வளையத்தில் தூக்கி, திரவ நைட்ரஜனில் ஒரே மூச்சில் முக்குங்கள். படிகத்தை வீணாக்கும் முன் வெறும் கரைசலை மட்டும் வளையத்தில் எடுத்து முக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி, பால்போல வெளுத்தால் கிளிசரால் போதவில்லை. வளையம் படிகத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். சுற்றிலும் அதிகக் கரைசல் இருந்தால் பின்னணி இரைச்சல் கூடும்.

திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையின் ஆக்சிஜனை வெளியேற்றும். கதவை மூடிக்கொண்டு சிறிய அறையில் தனியாக இந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்னும் ஒரு சிங்க்ரோட்ரான் (மிக வலுவான எக்ஸ் கதிர் தரும் பெரிய வளைய முடுக்கி) கிடையாது. உள்ளூர் எக்ஸ் கதிர்க் கருவியில் படிகத்தைச் சோதித்துவிட்டு, நல்லவற்றை இங்கிலாந்தின் டயமண்டுக்கோ பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஈஎஸ்ஆர்எஃபுக்கோ அனுப்புகிறோம். ஈஎஸ்ஆர்எஃபில் தென்னாப்பிரிக்கா 2013-ல் கூட்டாளியாகச் சேர்ந்தது. டயமண்ட் நடத்திய ஸ்டார்ட் திட்டத்தில் ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலர் பயிற்சி பெற்றார்கள்.

படிகங்கள் பயணிப்பது உலர் கொள்கலனில். உள்சுவரில் உள்ள நுண்துளைப் பொருள் திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கவிழ்த்தாலும் கொட்டாது. நிரப்பிய பிறகு மீதித் திரவத்தை முழுவதும் கொட்டிவிட வேண்டும். ஒரு முழு வாரத்துக்குக் குளிர் தாங்கும் கொள்கலன்தானா என்று அனுப்பும் முன் எடைபோட்டு எடைபோட்டுச் சோதியுங்கள்: தினமும் எவ்வளவு எடை குறைகிறதோ அவ்வளவு நைட்ரஜன் போகிறது. சுங்கத்தில் தேங்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். ஏற்றுமதி அனுமதி தேவையா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் வாரங்களுக்கு முன்பே கேட்டு வையுங்கள். படிகம் போய்ச் சேர்ந்ததும் இங்கே உட்கார்ந்தபடியே கணினி வழியாகக் கருவியை இயக்கலாம். அந்த இரண்டு இடங்களுக்கும் நமக்கும் அதிகபட்சம் இரண்டு மணி நேர வித்தியாசம்தான். இந்த ஒன்றில் நமக்கு அதிர்ஷ்டம்.

படி 5: தரவு எடுத்தல்

90 டிகிரி இடைவெளியில் இரண்டு சோதனைப் படங்கள் எடுங்கள். புள்ளிகள் வட்டமாக, தனித்தனியாக இருக்கின்றனவா? ஒரே அடுக்கா, இரண்டு படிகம் ஒட்டியதா? 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் தெரிந்தால் அது பனிக்கட்டி. மிகக் குறைந்த புள்ளிகள், அவையும் வெகு தொலைவில், மிகப் பிரகாசமாக என்றால் நீங்கள் உப்பை அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

கண்டறிகருவியை எங்கே வைப்பது என்பது பிராக் விதியில் இருக்கிறது. உள்ளூர்க் கருவியின் செம்புக் கதிர் 1.54 ஆங்ஸ்ட்ராம். 2 ஆங்ஸ்ட்ராம் விவரம் வேண்டும் என்றால் கதிர் வளையும் கோணம் சுமார் 45 டிகிரி. அந்தக் கோணம் வரை கருவி பிடிக்க வேண்டும். சிங்க்ரோட்ரானில் அலைநீளம் 1 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருப்பதால் கோணம் சுருங்கும்.

இன்றைய பிக்சல் கருவிகளில் கதிரின் வலுவைக் குறைத்து, 0.1 டிகிரிக்கு ஒரு படமாக 360 டிகிரி எடுப்பது நல்ல வழக்கம்: 3,600 படங்கள். படிகம் தாங்கும் மொத்தக் கதிர்வீச்சு அளவு ஏறக்குறைய 30 மெகாகிரே. அதற்கு வெகு முன்பே டைசல்ஃபைடு பிணைப்புகள் அறுபட ஆரம்பிக்கும், அமிலப் பக்கச்சங்கிலிகள் கார்பன் டை ஆக்சைடை இழக்கும். எச்ஐவி புரோட்டியேஸின் வினைமையமே இரண்டு ஆஸ்பார்ட்டேட்கள். அங்கே ஒரு மாற்றத்தைக் கண்டதும் குதிக்காமல், இது உயிரியலா, கதிர்ச் சேதமா என்று கேளுங்கள்.

படி 6: தரவைக் கணக்காக்குதல்

எக்ஸ்டிஎஸ், டயல்ஸ் போன்ற நிரல்கள் முதலில் புள்ளிகளிலிருந்து அலகுக்கூட்டை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) கண்டுபிடிக்கும், அப்புறம் ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் அளக்கும், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும். இடக்கை, வலக்கை என்று பார்த்தால் புரதங்கள் ஒரு கை மட்டும் உள்ளவை, கண்ணாடிப் பிம்பம் அதில் இருக்க முடியாது. அதனால் 230 ஸ்பேஸ் குரூப்களில் (அடுக்கின் சமச்சீர் வகைகள்) 65 மட்டுமே நமக்குச் சாத்தியம்.

ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பழகுங்கள். லைசோசைமின் கூடு 79 × 79 × 38 ஆங்ஸ்ட்ராம். கன அளவு சுமார் 2,37,000 கன ஆங்ஸ்ட்ராம். ஸ்பேஸ் குரூப் பி4₃2₁2, அதில் எட்டுப் பிரதிகள். எட்டால் வகுத்தால் ஒரு பிரதிக்கு 29,600 சொச்சம். லைசோசைமின் நிறை 14,300 டால்டன். வகுத்தால் டால்டனுக்கு 2.07. மேத்யூஸ் எண் என்பது இதுதான். 1.23-ஐ இதால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.4: படிகத்தில் 40 சதவீதம் கரைப்பான். உங்கள் புரதத்துக்கு இந்த எண் 1.7-க்கும் 3.5-க்கும் நடுவில் வந்தால் பொதுவாக நம்பலாம். 1.2 வந்தால் புரதம் வெட்டுப்பட்டிருக்கலாம். அல்லது படிகமானது உங்கள் புரதமே இல்லாமல் பாக்டீரியாவின் வேறொரு புரதமாக இருக்கலாம். அதுவும் நடக்கும்.

எந்த ரெசல்யூஷனில், அதாவது எவ்வளவு நுண்ணிய விவரம் வரை எடுத்து, தரவை நிறுத்துவது? மிக நுண்ணிய விவரம் தரும் வெளி அடுக்கில் சிசி-ஹாஃப் மதிப்பு (தரவை இரண்டாகப் பிரித்தால் இரு பாதியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) 0.3 முதல் 0.5 வரை இறங்கும் இடம் நல்ல எல்லை. ஒரே புள்ளியின் பல அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் ஆர்-மெர்ஜ் எண்ணைப் பார்த்து வெட்டாதீர்கள்; அதிகமுறை அளந்தால் அந்த எண் கூடும், தரவோ மேம்படும். முழுமை (கிடைக்க வேண்டிய புள்ளிகளில் எத்தனை கிடைத்தன என்பது) குறைந்தால் மட்டும் கவலைப்படுங்கள். இரட்டைப் படிகமா என்ற எல்-சோதனையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படி 7: கட்டச் சிக்கல்

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அலை. அலைக்கு வீச்சு உண்டு, கட்டம் (phase, அதாவது அலையின் முகடு எங்கே விழுகிறது என்பது) உண்டு. கருவி செறிவை மட்டும் அளக்கும். அதன் வர்க்கமூலம் வீச்சு. கட்டம் பதிவாவதே இல்லை. அடர்த்தி வரைபடத்தில் பெரும்பகுதி உருவத்தைத் தீர்மானிப்பதோ கட்டம். அளந்தது பாதி, அதுவும் முக்கியம் குறைந்த பாதி. படிகவியலின் எல்லாத் தவறுகளுக்கும் வேர் இங்கேதான்.

பெருட்ஸும் கெண்ட்ரூவும் பாதரசம் போன்ற கன அணுக்களைப் படிகத்தில் ஊற வைத்து, புள்ளிகளின் செறிவு எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கட்டத்தைக் கணக்கிட்டார்கள். 1958-ல் மயோகுளோபின் 6 ஆங்ஸ்ட்ராமில் தெரிந்தது. 1962-ல் இருவருக்கும் நோபல். பின்னாளில் மெத்தியோனினின் கந்தகத்துக்குப் பதில் செலினியம் வைத்து, அதன் உட்கவர் விளிம்பான (செலினியம் எக்ஸ் கதிரைச் சட்டென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் அலைநீளம்) 0.979 ஆங்ஸ்ட்ராமில் தரவெடுக்கும் முறை வந்தது. எந்த முன்மாதிரியையும் நம்பாமல் படிகமே நேரடியாகச் சொல்லும் கட்டம் என்பதால் எனக்கு இந்த முறையின் மேல் தனி மரியாதை உண்டு.

இன்று பெரும்பாலும் செய்வது மூலக்கூறு இடப்பதிலீடு. ஒத்த புரதத்தின் அமைப்பையோ ஆல்ஃபாஃபோல்டு மாதிரியையோ எடுத்து, ஃபேசர் நிரலிடம் கொடுத்தால், அது அந்த மாதிரியைச் சுழற்றி நகர்த்திக் கூட்டுக்குள் சரியான இடத்தில் உட்கார வைக்கும். கொடுக்கும் முன் நம்பகத்தன்மை 70-க்குக் கீழே உள்ள பகுதிகளை வெட்டிவிடுங்கள். ஃபேசர் தரும் டிஎஃப்இசட் மதிப்பெண் 8-க்கு மேல் போனால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள். பி4₁2₁2, பி4₃2₁2 போன்ற கண்ணாடி ஜோடிகள் தரவில் ஒரே மாதிரி தெரியும். இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

ஆபத்து என்னவென்றால், மாதிரியிலிருந்து கட்டத்தை எடுத்ததால் வரைபடம் மாதிரியைப் போலவே தோன்றும். மாதிரி தவறாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் முக்கியமான பகுதியை, மருந்தையோ வினைமையத்தையோ, எடுத்துவிட்டுக் கணக்கிடுங்கள். எடுத்த இடத்தில் அடர்த்தி தானாகவே திரும்ப வந்தால்தான் அது தரவின் குரல். 2006 கடைசியில் சவ்வுப் புரதங்கள் பற்றிய மூன்று கட்டுரைகள் சயன்ஸ் இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஒரு சிறு நிரல் தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியதில் கட்டமே திசை மாறி, அமைப்பின் கை தலைகீழாகிவிட்டது. அதைச் செய்தவர்கள் திறமைசாலிகள். இந்தச் சிக்கல் யாரையும் விட்டுவைக்காது.

படி 8: மாதிரி கட்டுதல், சீர்செய்தல்

கூட் நிரலைத் திறந்ததும் இரண்டு வரைபடங்கள் தெரியும். நீலம் மொத்த அடர்த்தி. பொதுவாக 1 முதல் 1.5 சிக்மாவில் (அடர்த்தி சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அலகு) பாருங்கள். பச்சையும் சிவப்பும் வித்தியாச வரைபடம், 3 சிக்மாவில். பச்சை இருந்தால் அங்கே நீங்கள் வைக்காத ஏதோ இருக்கிறது. சிவப்பு இருந்தால் நீங்கள் வைத்தது அங்கே இல்லை. சிக்மாவை 0.5-க்கு இறக்கினால் எதையும் எங்கும் காணலாம். இறக்காதீர்கள்.

3 ஆங்ஸ்ட்ராமில் முதுகெலும்புச் சங்கிலி தெரியும், பெரிய பக்கச்சங்கிலிகள் மொக்கையாகத் தெரியும். 2.5-ல் பக்கச்சங்கிலியின் திசை தெரியும். 2-ல் நீர் மூலக்கூறுகள் உருண்டையாக நிற்கும். 1.2-க்குக் கீழே அணுக்கள் தனித்தனியாகப் பிரியும். உங்கள் ரெசல்யூஷன் எதைச் சொல்ல உரிமை தருகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது, ஃபீனிக்ஸ் அல்லது ரெஃப்மேக் நிரலில் மாதிரியைத் தரவோடு பொருந்தும்படி சீர்செய்து, மறுபடி கூட் நிரலில் திருத்தி, மறுபடி சீர்செய்வது. ஆரம்பத்திலேயே சுமார் 5 சதவீதப் புள்ளிகளை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அவற்றைச் சீர்செய்யப் பயன்படுத்தக் கூடாது. மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள விலகலைச் சொல்லும் எண் ஆர். சீர்செய்யும் புள்ளிகளில் கணக்கிட்டால் ஆர்-வொர்க், ஒதுக்கிய புள்ளிகளில் கணக்கிட்டால் 1992-ல் புரூங்கர் கொண்டுவந்த ஆர்-ஃப்ரீ. ஆர்-வொர்க் குறைந்துகொண்டே போய் ஆர்-ஃப்ரீ அப்படியே நின்றால், நீங்கள் இரைச்சலுக்கு மாதிரி பொருத்துகிறீர்கள். 2 ஆங்ஸ்ட்ராம் தரவுக்கு ஆர்-ஃப்ரீ 0.25-க்குக் கீழே வர வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன்.

நீர் மூலக்கூறுகளை நிரல் தானாக அள்ளி வைக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2.4 முதல் 3.4 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒரு துணை இருக்கிறதா? பச்சையில் உருண்டையா, நீள்வடிவமா? சலிப்பான வேலைதான். ஆனால் எச்ஐவி புரோட்டியேஸ் கதையில் ஒரே ஒரு நீர் என்ன செய்தது என்று பாருங்கள். மருந்து உள்ளே உட்கார்ந்ததும் மேலே இரண்டு மடிப்புகள் மூடிக்கொள்ளும். இரண்டு சங்கிலிகளிலும் 50-ஆம் இடத்தில் உள்ள ஐசோலூசின்களையும் மருந்தையும் ஒரு நீர் மூலக்கூறு நடுவில் நின்று பிடித்துக்கொண்டிருந்தது. மனித உடலின் இதே மாதிரி நொதிகளில் அந்த நீர் இல்லை. அதன் இடத்தைத் தானே நிரப்பும் வளைய யூரியா மூலக்கூறுகளை வடிவமைத்து 1994-ல் வெளியிட்டார்கள். வரைபடத்தில் ஒரு சின்ன நீல உருண்டை, யாரோ கவனமாகப் பார்த்ததால் ஒரு மருந்து யோசனையானது.

மருந்தை வைக்கும் போதும் இதே கவனம் வேண்டும். மருந்து இல்லாமல் சீர்செய்து முடித்த பிறகு, அந்த இடத்தில் பச்சை அடர்த்தி மருந்தின் உருவத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பாதி மட்டும் தெரிந்தால் பாதி தெரிகிறது என்றே எழுதுங்கள். அந்தக் குழியில் கிளிசராலோ பாலிஎதிலீன் கிளைக்கால் துண்டோ உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

படி 9: சரிபார்த்தல்

1963-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள்: பெப்டைடு சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்கள் எந்த எந்த மதிப்புகளில் இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காது? அப்போது உலகில் புரத அமைப்புகளே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அவர்கள் கணக்குப் போட்டு வரைந்த படம் இன்றைக்கும் ஒவ்வொரு அமைப்பின் முதல் பரிசோதனை. நல்ல மாதிரியில் 98 சதவீத அமினோ அமிலங்கள் சாதகமான பகுதியில் விழும். வெளியே நிற்பவை ஐநூறில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். கிளைசினுக்குப் பக்கச்சங்கிலி இல்லாததால் அது எங்கும் உலாவும். புரோலினுக்கு இடம் மிகக் குறுகியது.

வெளியே நிற்கும் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் போய்ப் பாருங்கள். அடர்த்தி தெளிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். அது உண்மையான வளைவு, பெரும்பாலும் வினைமையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அடர்த்தி இல்லை என்றால் நீங்கள் கட்டியது தவறு. எண்ணை அழகாக்குவதற்காக அமினோ அமிலத்தை இழுத்து உள்ளே தள்ளுவது மட்டும் வேண்டாம். மோல்ப்ராபிட்டி என்ற சரிபார்ப்பு நிரல் தரும் மோதல் எண், பக்கச்சங்கிலி நிலைகள், அணு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் பி-காரணிகள் ஆகியவற்றையும் இதேபோல இடத்துக்கு இடம் போய்ப் பாருங்கள்.

இந்தத் துறையில் இங்கேயும் நமக்கு முன்னோர் உண்டு. டர்பனில் வளர்ந்த ஆரன் க்ளூக், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆர். டபிள்யூ. ஜேம்ஸிடம் எக்ஸ் கதிர்ப் படிகவியல் கற்றுத்தான் கேம்பிரிட்ஜ் போனார். 1982-ல் வேதியியல் நோபல் பெற்றார். அவர் படித்த டர்பன் ஹை ஸ்கூலில் அன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லை. இன்று அதே டர்பனிலிருந்து வரும் நம் பிள்ளைகள் படிக அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து துளி பார்க்கிறார்கள். அதனால்தான் இதைத் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

படி 10: பதிவு செய்தல்

ஆயத்தொலைவுகளும் அளந்த தரவும் புரதத் தரவு வங்கியில் சேர வேண்டும். 1971-ல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய வங்கி இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யாரும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். பதிவேற்றியதும் ஒரு சரிபார்ப்பு அறிக்கை வரும். அதைக் கட்டுரையோடு சேர்த்து அனுப்புங்கள். பல இதழ்கள் கேட்கவே செய்யும். கட்டுரை வரும் வரை அமைப்பை மூடி வைக்கலாம், அதிகபட்சம் ஒரு வருடம்.

பதிவேற்றும் படிவத்தில் படிகம் வளர்ந்த நிலைமை என்று ஒரு பெட்டி இருக்கும். பலர் அங்கே வீழ்படிவாக்கியின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிஎச், வெப்பநிலை, புரதத்தின் செறிவு, துளியின் அளவு, விதையிட்டீர்களா என்பது வரை எழுதுங்கள். மூலப் படங்கள் 3,600-ஐயும் திறந்த களஞ்சியம் ஒன்றில் ஏற்றி, அதன் எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல நிரல் வந்தால், நீங்கள் தவறவிட்ட நீரை வேறொருவர் அதிலிருந்து எடுக்கலாம்.